பழைய மடிக்கணினிக்கு அரை மணி நேரம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூக்கிப் போட வைத்திருக்கும் பழைய மடிக்கணினியில் எடை குறைந்த லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை நிறுவினால் அரை மணி நேரத்தில் அது மறுபடியும் உழைக்கத் தொடங்கிவிடும் என்று கூறும் கட்டுரை ஒன்று அண்மையில் தங்கள் நாளிதழில் வெளிவந்தது. சென்னையிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அதைக் கத்தரித்து எடுத்துவந்து என்னிடம் கொடுத்தார். கூடவே மூன்று பழைய மடிக்கணினிகளையும் கொண்டுவந்தார். யாங்கோனில், எங்கள் பேச்சில் இன்னும் ரங்கூனில், ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ் வகுப்புக்கு அவை உதவட்டும் என்பது அவர் எண்ணம். கட்டுரையின் நோக்கத்தோடு எனக்குப் பிணக்கு எதுவும் இல்லை. ஆனால் அதில் சொன்ன அரை மணி நேரம் எங்களுக்கு ஏழு வாரமாக நீண்டது. அந்த ஏழில் பெரும்பகுதி வீணாகப் போனதற்குக் காரணம், இயங்குதளத்தைத் தொடுவதற்கு முன் பெட்டியைச் சோதிக்க வேண்டும் என்று கட்டுரை ஓரிடத்திலும் சொல்லாததுதான்.

நான் கணினி படித்தவன் அல்லன். வகுப்பில் பாடம் சொல்லிக் கொடுக்க வருமுன் முப்பது ஆண்டுகள் வானொலிப் பெட்டியும் டேப் ரிக்கார்டரும் பழுதுபார்த்துப் பிழைத்தவன். வானொலி கரகரத்தால் நிலையத்தைத் திட்டிக்கொண்டே கடைக்கு வருவார்கள். பின்மூடியைக் கழற்றினால் பேட்டரி முனையில் பச்சை பூத்திருக்கும். மடிக்கணினி விஷயத்திலும் மக்கள் நிலையத்தைத்தான் திட்டுகிறார்கள் என்பதை இந்த ஏழு வாரத்தில் கண்டேன். ஓர் இயங்குதளம் ஏறவில்லை என்றால் அதை விட்டு வேறொன்று, அதுவும் ஏறவில்லை என்றால் இன்னொன்று என்று மாற்றிக்கொண்டே போகிறார்கள். நான்காவதும் ஏறாதபோது பெட்டி பழைய இரும்புக்குப் போகிறது.

மூன்றில் சிறியது பத்து அங்குலத் திரை கொண்ட நெட்புக். இன்டெல் ஆட்டம் என்270 செயலி, ஒரு ஜிபி நினைவகம், 160 ஜிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸ் எக்ஸ்பியோடு விற்கப்பட்டது; எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. கட்டுரையில் சொன்னபடியே, கண்ணில் பட்ட முதல் பதிவிறக்கப் பொத்தானை அழுத்தி இறக்கிய கோப்பைப் பென் டிரைவில் எழுதி மாணவர்கள் செருகினார்கள். கறுப்புத் திரையில் இரண்டு மூன்று வரிகள் வந்து நின்றன. இந்தக் கர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு) எக்ஸ்86-64, அதாவது 64-பிட், செயலி தேவை, இங்கே இருப்பதோ ஐ686, அதாவது 32-பிட், செயலி, உங்கள் செயலிக்கு ஏற்ற கர்னலைப் பயன்படுத்துங்கள் என்பது அவற்றின் பொருள். "பெட்டி செத்துப்போச்சு ஐயா" என்று மூத்த மாணவன் தீர்ப்பே சொல்லிவிட்டான். தன்னால் எது முடியாது என்பதை இவ்வளவு தெளிவாக வாய்விட்டுச் சொன்ன பெட்டியை என் கடை வாழ்நாளில் நான் கண்டதில்லை. அந்த வரிகளை யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

என்270 என்பது 2008-இல் வந்த, 32-பிட் மட்டுமே அறிந்த செயலி. 2010-இல் வந்த என்450, அதே குடும்பத்துப் பிள்ளையாக இருந்தும், 64-பிட் அறியும். ஆகவே தோற்றத்தையோ வாங்கிய ஆண்டையோ வைத்து முடிவு செய்ய இயலாது. செயலியின் எண்ணைப் பார்த்துத்தான் கோப்பை இறக்க வேண்டும். 32-பிட் பெட்டிகளுக்கான வாசல்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. உபுண்டு என்ற லினக்ஸ் வகை 2017-இல் வந்த 17.10 பதிப்போடு 32-பிட் மேசைக்கணினிக் கோப்பை வெளியிடுவதை நிறுத்தியது. எடை குறைந்தது என்று தங்கள் கட்டுரை பரிந்துரைக்கும் லுபுண்டுவும் 18.10-க்குப் பிறகு 32-பிட்டில் வரவில்லை. டெபியன் என்ற மற்றொரு லினக்ஸ் வகைக்கு 12-ஆம் பதிப்பு வரை 32-பிட் நிறுவும் நிரல் இருந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-இல் அது இல்லை. நாங்கள் கடைசியில் எடுத்துக்கொண்டது டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23-இன் 32-பிட் பதிப்பு. 512 எம்பி நினைவகமுள்ள பெட்டியிலும் ஓடும் என்று அதை உருவாக்குபவர்கள் சொல்கிறார்கள்; எங்கள் ஒரு ஜிபி பெட்டியில் அது நன்றாகவே ஓடுகிறது.

கோப்பு ஒரு ஜிபிக்கு மேல். கைபேசி இணைப்பில், நான்கு மணி நேரம் மின்சாரம் இருந்தால் அடுத்த நான்கு மணி நேரம் இல்லை என்ற நிலையில், அதை இறக்குவது என்ன பாடு என்பதைச் சென்னை வாசகர்கள் கற்பனை செய்து பார்க்க வேண்டும். பிரௌசரில் இரண்டு முறை அறுந்து, மூன்றாம் முறை முடிந்தது போல் காட்டிய கோப்பைத்தான் மாணவர்கள் பென் டிரைவில் எழுதினார்கள். நிறுவல் பாதி வழியில் ஒரு கோப்பைப் படிக்க முடியவில்லை என்று நின்றது. மறுபடி தொடங்கினால் மறுபடியும் மிகச் சரியாக அதே இடத்தில் நின்றது. இறக்கிய கோப்பு முழுமையாக வந்ததா என்று பார்க்க பெரும்பாலான லினக்ஸ் தளங்களில் கோப்புக்குப் பக்கத்திலேயே எஸ்எச்ஏ256 என்ற சரிபார்ப்பு எண் வரிசை வைத்திருப்பார்கள். நம்மிடம் உள்ள கோப்புக்கும் அதே எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு பழுது. எங்களுடையது முதல் எழுத்திலிருந்தே மாறியிருந்தது. அறுந்து அறுந்து வரும் இணைப்புக்கு டோரண்ட் வழியே சிறந்தது. அது துண்டு துண்டாக இறக்கி ஒவ்வொரு துண்டையும் தானே சரிபார்த்துக்கொள்கிறது, விட்ட இடத்திலிருந்து தொடரவும் செய்கிறது. கட்டுரையாசிரியர் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நல்ல கோப்போடு தொடங்கினோம். மடிக்கணினியின் பேட்டரி எப்போதோ இறந்துவிட்டது; அடாப்டர் மட்டுமே. பேட்டரி போயிருந்தாலும் கவலையில்லை என்று கட்டுரையில் எழுதியிருந்தது. பாதிக்கு மேல் போய்க்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றது. திரும்பி வந்த பிறகு பொத்தானை அழுத்தினால், இயங்குதளம் எதுவும் காணப்படவில்லை என்ற வரி. ஹார்டு டிஸ்க் எரிந்துவிட்டது என்று இம்முறை என்னிடமே சொன்னார்கள். நிறுவும் நிரல் மற்ற கோப்புகளையெல்லாம் படியெடுத்து முடித்த பிறகு, இறுதியாகத்தான் கிரப் என்னும் தொடக்க நிரலை டிஸ்க்கின் தலையில் எழுதுகிறது. அந்தக் கடைசி அடி எடுத்து வைப்பதற்குள் மின்சாரம் போனால் டிஸ்க் நலமாக இருந்தாலும் பெட்டி திறக்காது. மறுபடியும் முதலிலிருந்து நிறுவியதும் திறந்துகொண்டது. எங்களைப் போல மின்வெட்டில் வாழ்பவர்கள் மின்சாரம் வந்த முதல் பத்து நிமிடத்திலேயே நிறுவலைத் தொடங்க வேண்டும், அல்லது அடாப்டரை இன்வெர்ட்டரில் செருக வேண்டும்.

இனிச் சொல்லப்போவது எங்களை இரண்டு வாரம் அலைக்கழித்த கோளாறு. நெட்புக் திறக்கிறது, இணைப்பும் இருக்கிறது. ஆனால் பிரௌசரில் எந்தத் தளத்துக்குப் போனாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது, தமிழ் உள்ளீட்டு மென்பொருளை இறக்கச் சொன்னால் மென்பொருள்களை வைத்திருக்கும் இணையக் களஞ்சியத்தின் பட்டியல் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று மறுக்கிறது. இணையத்தில் தடை ஏதோ இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். இயங்குதளமே தரமற்றது, வேறொன்றைப் போடலாம் என்றார் மற்றொருவர். "இன்னும்" என்ற சொல் எனக்கு உறுத்தியது. காலாவதியாகிவிட்டது என்றால் புரிந்துகொள்ளலாம். இன்னும் தொடங்கவே இல்லை என்றால் பெட்டி எந்தக் காலத்தில் இருக்கிறது? திரையின் மூலையைப் பார்த்தேன். 2009 ஜனவரி 1 என்று இருந்தது. இணையத் தளம் ஒவ்வொன்றும் நீட்டும் சான்றிதழில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். 2009-இல் நின்றுகொண்டு பார்க்கும் பெட்டிக்கு அவை எல்லாம் எதிர்காலத்துச் சான்றிதழ்கள்.

தேதியைத் திருத்தினோம், எல்லாம் சரியாயிற்று. அடுத்த ஞாயிறு திறந்தால் மறுபடியும் 2009 ஜனவரி 1. ஒரு வாரம் மின்சாரத் தொடர்பில்லாமல் அலமாரியில் கிடக்கும் பெட்டிக்கு நேரத்தை நினைவில் வைத்திருக்க உள்ளே ஒரு சிறிய நாணய வடிவ பேட்டரி மட்டுமே துணை. பின்மூடியைக் கழற்றினேன். சிஆர்2032 பேட்டரி, மேசைக்கணினியில் இருப்பது போலக் கிண்ணத்தில் பொருத்தப்பட்டிருக்கவில்லை. மஞ்சள் பிளாஸ்டிக் உறைக்குள் சுருட்டி, சிவப்பும் கறுப்புமாக இரண்டு மெல்லிய கம்பிகள் விட்டு, அவற்றின் நுனியில் அரிசி மணியை விடச் சற்றே பெரிய ஒரு செருகியால் மதர்போர்டில் மாட்டியிருந்தது. மல்டிமீட்டர் முனைகளை வைத்தால் 3 வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் 1.4. கைக்கடிகாரக் கடையில் சாதாரண சிஆர்2032 கிடைத்தது, கம்பி வைத்தது கிடைக்கவில்லை. பழைய உறையைப் பிளேடால் கீறி, கம்பியோடு ஒட்டியிருந்த தகடுகளை மெதுவாக நெம்பி எடுத்து, புதிய பேட்டரியின் இரு பக்கமும் வைத்து இன்சுலேஷன் டேப்பால் இறுகச் சுற்றினேன். பேட்டரி மேல் நேராகச் சூட்டுக்கோல் வைத்து ஈயம் பற்றவைக்கக் கூடாது, சூட்டில் வெடிக்கும். பிறகு தேதியைத் திருத்தி, அந்த நேரத்தை வன்பொருள் கடிகாரத்திலும் எழுதச் சொல்லி ஒரு கட்டளை கொடுத்ததோடு அந்த வழக்கு முடிந்தது. நேர மண்டலப் பட்டியலில் ஒரு மாணவன் ரங்கூன் என்று தேடிக்கொண்டிருந்தான். யாங்கோன் என்றுதான் இருக்கும். கிரீன்விச் நேரத்தை விட இந்தியா ஐந்தரை மணி நேரம் முன்னே, நாங்கள் ஆறரை. மண்டலத்தை மாற்றித் தேர்ந்தெடுத்தாலும் ஒரு மணி நேரம்தான் பிசகும், சான்றிதழ்கள் கோபித்துக்கொள்ளா.

இரண்டாவது மடிக்கணினி சற்றுப் பெரியது. கோர் 2 டியூவோ செயலி, ஒரு ஜிபியாக இரண்டு நினைவகப் பட்டைகள். செயலி 64-பிட், கோப்பு சரிபார்த்த கோப்பு, மின்சாரமும் தடைபடவில்லை. ஆயினும் நிறுவல் ஒரு முறை முப்பது விழுக்காட்டில் உறைந்தது, ஒரு முறை எழுபதில், ஒரு முறை தொடக்கத்திலேயே. பழுதுபார்ப்பவர்களுக்கு இது ஒரு நல்ல அடையாளம். எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் கோப்பையோ பென் டிரைவையோ சந்தேகிக்கலாம். நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் நினைவகத்தையும் சூட்டையும் சந்தேகிக்க வேண்டும். பல லினக்ஸ் பென் டிரைவ்களின் தொடக்கப் பட்டியலிலேயே நினைவகச் சோதனைக்கு ஒரு வரி இருக்கும்; பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அதை ஓடவிட்டதும் பத்து நிமிடத்துக்குள் திரை முழுவதும் சிவப்பு வரிகள். ஒரு பட்டையைக் கழற்றினால் பிழை இல்லை. அதை மாட்டி மற்றதைக் கழற்றினால் பிழை.

புதுப் பட்டை வாங்குமுன் பழையதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பொன்னிறமாக இருக்க வேண்டிய முனைகள் மங்கி, நடுவில் நாலைந்து பழுப்பாக இருந்தன. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊர் எங்களுடையது. வைகாசியில் தொடங்கினால் ஐப்பசி வரை சுவரே வேர்க்கும். சென்னையின் கடற்காற்றும் அதற்குக் குறைந்ததில்லை. பள்ளிக்கூடப் பென்சில் அழிக்கும் ரப்பரால் முனைகளை ஒரே திசையில் மெல்லத் தேய்த்து, துகளைத் தூரிகையால் தட்டிவிட்டு மாட்டினேன். சோதனை ஒரு முழுச் சுற்று, பின்னர் இரவு முழுவதும், ஒரு பிழையுமின்றி ஓடியது. நிறுவலும் ஒரே மூச்சில் முடிந்தது. இந்தப் பெட்டியைத்தான் அதன் பழைய உரிமையாளர் "எந்தச் சிஸ்டமும் ஏறவில்லை" என்று ஒதுக்கி வைத்திருந்தாராம்.

அதன்பின் ஒரு சிறு வேடிக்கை. பென் டிரைவ் செருகியிருந்தால் பெட்டி திறக்கும், பிடுங்கினால் திறக்காது. கிரப்பை எந்த டிஸ்க்கில் எழுதட்டும் என்று நிறுவும் நிரல் கேட்டபோது மாணவர் ஒருவர் ஹார்டு டிஸ்க்கை விட்டுப் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்துவிட்டார். சில பயாஸ்கள் (பெட்டியைத் தொடக்கி வைக்கும் உள்நிரல்கள்) பென் டிரைவை முதல் டிஸ்க்காக எண்ணுவதால் பெயரை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். கொள்ளளவைப் பார்த்தால் ஏமாற மாட்டோம். பென் டிரைவைப் புதிதாக எழுதி, அதிலிருந்தே கிரப்பை மட்டும் ஹார்டு டிஸ்க்கில் மறுபடி நிறுவினோம். இதே பெட்டியின் வைஃபை பிராட்காம் வகை. அதற்குரிய நிரலை இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும், இணையமோ வைஃபை வழியாகத்தான் வரவேண்டும். ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து இணையப் பகிர்வைத் திறந்துவிட்டால் லினக்ஸ் அதைக் கம்பி வழி இணைப்பாக எடுத்துக்கொள்கிறது. ஐந்து நிமிட வேலை.

மூன்றாவது மடிக்கணினியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஏதோ அலுவலகம் கழித்துக் கட்டியது. மூன்றிலும் வலுவானது அதுவே. பயாஸுக்குக் கடவுச்சொல் போட்டு, பென் டிரைவிலிருந்து தொடங்குவதைத் தடுத்திருக்கிறார்கள். நாணய பேட்டரியைக் கழற்றி வைத்தால் அழிந்துவிடும் என்பது மேசைக்கணினிப் பாடம். அலுவலக மடிக்கணினிகள் பலவற்றில் அந்தச் சொல் தனிச் சிப்பில் இருக்கிறது, பேட்டரியைக் கழற்றினாலும் போகாது. சொல் தெரிந்தவர் யார் என்று உறவினருக்கும் தெரியவில்லை. பெட்டி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.

தமிழ் எழுதுவதற்கு ஐபஸ் உள்ளீட்டு முறையையும் எம்17என் தொகுப்பையும் நிறுவினால் தமிழ்99, ஒலியியல், தட்டச்சு ஆகிய விசைப்பலகைகள் கிடைக்கின்றன. பிள்ளைகள் பள்ளியில் பர்மிய மொழியில் படிப்பவர்கள். ஆகவே நோட்டோ தமிழ் எழுத்துருவோடு படௌக் என்ற பர்மிய எழுத்துருவையும் சேர்த்தோம். தண்ணீர்த் திருவிழாச் சமயத்தில் பூக்கும், நம் வேங்கை மரத்துக்கு உறவான மரத்தின் பெயர் அது. பழைய பர்மியக் கோப்புகள் சில குழம்பித் தெரியும். 2019 அக்டோபர் 1-ஆம் தேதி இந்நாடு யூனிகோடுக்கு மாறும் வரை ஸோஜி என்ற பழைய எழுத்துக் குறியீட்டு முறையில்தான் பெரும்பாலோர் எழுதினார்கள். யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி என்ற குறியீட்டு முறையில் எழுதிய தமிழ்க் கோப்புகளை இப்போது திறப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் புதிதாக இராது. இதற்கும் இயங்குதளத்தைத்தான் குறை சொன்னார்கள்.

நெட்புக்கில் தமிழில் எழுதலாம், பாடநூலைப் பிடிஎஃப் வடிவில் படிக்கலாம், தேவாரப் பாடல் கேட்கலாம். பிரௌசரில் நாலைந்து பக்கங்களை ஒன்றாகத் திறந்தால் திணறும். இணையத்தில் படம் பார்க்க அது ஆகாது. இயங்குதளம் எவ்வளவு இளைத்தாலும் இன்றைய இணையப் பக்கங்கள் இளைக்கவில்லை. பழைய பெட்டி புதுப் பெட்டியாகிவிடும் என்று கட்டுரை அளித்த வாக்குறுதியில் இந்த இடத்தில் நான் ஒப்ப முடியாது.

தங்கள் வாசகர்களில் பலர் பழைய மடிக்கணினிகளைப் பள்ளிகளுக்கும் வெளிநாட்டு உறவினர்களுக்கும் கொடுக்கும் நல்ல மனம் உடையவர்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கொடுக்கும் முன் பயாஸ் கடவுச்சொல்லை நீக்கிவிடுங்கள், அடாப்டரைக் கூடவே வையுங்கள், செயலியின் எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி மூடியில் ஒட்டுங்கள். கட்டுரையாசிரியர் இதன் தொடர்ச்சியை எழுதுவாரானால், 32-பிட் பெட்டிகளுக்கு இன்று எந்தெந்த இயங்குதளம் கிடைக்கிறது என்பதையும், நினைவகச் சோதனையை எப்படி ஓடவிடுவது என்பதையும் படத்தோடு விளக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மேல்தட்டில் இருக்கும் மூன்றாவது பெட்டி பச்சை நிற மூடி கொண்டது. மூடியின் வலது மூலையில் சொத்து எண் எழுதிய வெள்ளை ஒட்டுத்தாளைப் பாதி கிழித்த தடம் இருக்கிறது. இதைப் படிப்பவர்களில் எவருக்காவது அது தங்கள் அலுவலகத்துப் பெட்டி என்று தோன்றினால், கடவுச்சொல்லைத் தங்கள் நாளிதழ் வழியாக எனக்குத் தெரிவிக்கலாம்.

இங்ஙனம்,
ஞாயிறு தமிழ் வகுப்பு ஆசிரியர் ஒருவர்,
யாங்கோன், மியன்மா.